கிரெனடாவைக் கொன்றது வெளியார் மட்டுமல்ல

கிரெனடாவின் புரட்சி அமெரிக்க, சோவியத் போட்டியில் நசுங்கியது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பாதி உண்மைதான். கொடியிலேயே ஜாதிக்காயை வைத்திருக்கும், சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் கரீபியன் தீவு அது. கியூபத் தொழிலாளர்கள் அங்கே விமான நிலையம் கட்டியபோது, 1983 மார்ச்சில் அமெரிக்க அதிபர் ரீகன் அதன் வான்வழிப் படத்தைத் தொலைக்காட்சியில் காட்டி, அந்த நீண்ட ஓடுபாதை ராணுவத்துக்குத்தான், அமெரிக்காவுக்கே ஆபத்து என்றார். சுற்றுலா விமானங்கள் இறங்கவும் நீளமான ஓடுபாதை வேண்டும் என்பது யாருக்குத் தெரியாது?

ஆனால் முதல் அடி உள்ளேயிருந்துதான் விழுந்தது. 1979-ல் பிரதமர் எரிக் கெய்ரியின் ஆட்சியைப் புரட்சியால் கவிழ்த்துப் பிரதமரான மாரிஸ் பிஷப்பை, அவருடைய துணைப் பிரதமர் பெர்னார்ட் கோர்டின் அணியினரே வீட்டுக்காவலில் வைத்தார்கள். 1983 அக்டோபர் 19-ல் மக்களே திரண்டு போய் அவரை விடுவித்தார்கள். கூட்டம் அவரோடு ரூபர்ட் கோட்டைக்குப் போனது. கெய்ரி ஆட்சியில் போலீஸ் சுட்டுக் கொன்ற பிஷப்பின் அப்பாவின் பெயர் தாங்கிய அந்தக் கோட்டைக்குள்ளேயே, அன்றைக்கே, பிஷப்பையும் தோழர்களையும் கோர்டு அணியின் பக்கம் நின்ற படையினர் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. உடல்கள் இன்றுவரை குடும்பங்களுக்குக் கிடைக்கவில்லை.

ஆறே நாளில் அமெரிக்கப் படை இறங்கியது. ஐ.நா. பொதுச்சபை 108 வாக்குகளால் அதைக் கண்டித்தது. அதற்கு என்ன மதிப்பு கிடைத்தது? அப்புறம் அதே ஓடுபாதையை அமெரிக்கப் பணத்திலேயே முடித்தார்கள். 2009 முதல் அந்த விமான நிலையத்துக்குப் பிஷப்பின் பெயர். கட்டுரையில் கோட்டைச் சம்பவத்துக்கு ஒரே ஒரு வரி கொடுத்திருப்பது நியாயமில்லை.