பெரிய போத்தலும் சூடேறிய கடைசி மிடறும்

கல்லடியில் வெயில் சாயும் வேளையில் தனியாக அமர்ந்து ஒரு பியர் அருந்த விரும்பும் எனக்கு, 625 மில்லிலீற்றர் கொள்ளும் பெரிய போத்தலைத் தவிர வேறு போத்தல் கடையில் கிடைப்பதில்லை என்பது மிகுந்த எரிச்சலைத் தருகிறது. முதற் குவளை குளிர்ந்தே இருக்கும். ஆனால் போத்தலின் வெளிப்புறம் வியர்த்து, ஒட்டியிருக்கும் தாள் ஊறி விரலோடு கழன்று வருவதற்குள், அடியில் மிஞ்சியது நுரையிழந்து வெதுவெதுப்பாகிவிடும். சிறிய போத்தல் கேட்டால், "ரின்தான் இருக்கு, தம்பி" என்கிறார் கடைக்காரர். ரின்னை உள்ளங்கையால் பொத்திப் பிடிக்க வேண்டும். நீண்ட கழுத்துள்ள போத்தலைக் கழுத்தில் பிடித்தால் கைச்சூடு பியரை அவ்வளவாக எட்டாது. பச்சைக் கண்ணாடியும் வேண்டாம்: ஒளி பட்டால், பியரில் சேர்க்கும் ஹொப்ஸ் என்ற பூவின் கசப்புப் பொருள் சிதைந்து நாற்றமெடுக்கும், அதைத் தடுப்பதில் பழுப்புக் கண்ணாடியே மேல். ஒருவர் குடித்து முடிக்கும் அளவில் பழுப்புப் போத்தல் சிலவற்றைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதற்கு என்ன தடை?