டுஷாம்ப்பின் சிறுநீர்த் தொட்டி 1917 கண்காட்சியில் வைக்கப்படவில்லை

1917-இல் நியூயார்க் கண்காட்சி ஒன்றில் பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் டுஷாம்ப் ஒரு சிறுநீர்த் தொட்டியை வைத்தார், பார்த்தவர்கள் அதைக் கலை என்று கொண்டாடினார்கள், நவீன கலை அர்த்தமிழந்தது அன்றுதான் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலர் அதைப் பகிர்ந்தும் இருக்கிறார்கள். உண்மையில் அந்தக் கண்காட்சியில் அது பார்வைக்கு வைக்கப்படவே இல்லை.

'ஆர். மட்' என்ற புனைபெயரில் அது அனுப்பப்பட்டது. ஆறு டாலர் கட்டினால் போதும், யாரும் படைப்பை வைக்கலாம், தேர்வுக்குழு கிடையாது என்று அறிவித்திருந்த, கண்காட்சியை நடத்திய கலைஞர் சங்கம், இதை மட்டும் காட்சிக்கு வைக்க மறுத்தது. சங்கத்தின் இயக்குநர்களில் ஒருவரான டுஷாம்ப் அதற்காகவே பதவி விலகினார். எது கலை என்பதை யார் முடிவு செய்வது என்ற கேள்வி சூடுபிடித்ததே இந்த மறுப்பால்தான். கொண்டாட்டம் என்று சொன்னால் அந்தக் கேள்வியே மறைந்துபோகிறது, என் வருத்தம் அதுதான்.

நீங்களே சரிபார்க்கலாம். 1917 மே மாதம் வந்த 'தி பிளைண்ட் மேன்' என்ற கலைப் பத்திரிகையின் இரண்டாம் இதழ் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. புகைப்படக் கலைஞர் ஸ்டீக்லிட்ஸ் எடுத்த அந்தத் தொட்டியின் படத்தோடு, அது ஒருபோதும் காட்சிக்கு வரவில்லை என்ற கண்டனமும் அதில் அச்சாகியிருக்கிறது.