மூட்டை கட்டும் முன்னால் ஒரு போன் போடுங்கள்

சபை மண்டபத்தில் உட்கார்ந்து நிவாரணத் துணி பிரித்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பதிவு நீளம்தான்.

கடல் தாண்டி ஒரு நாட்டில் பெருவெள்ளம். ஞாயிறு ஆராதனை முடிவில் போதகர் அறிவித்தார். அடுத்த ஞாயிற்றுக்குள் மண்டபத்தில் பாதி இடத்தை மூட்டைகள் அடைத்துக்கொண்டன. பார்க்கவே மனசு நிறைந்தது. பிரிக்க உட்கார்ந்த பிறகுதான் முகம் மாறியது. ஜோடி இல்லாத குதிகால் செருப்பு ஒன்று. ஜிப் போன கோட்டுகள். ஏதோ கம்பெனி விழாவில் மிஞ்சிய டீ சட்டைகள் ஒரு கட்டு, எல்லாம் ஒரே அளவு. பாதி தீர்ந்த இருமல் மருந்து. யாரோ ஈரம் காயாமலே மடித்து வைத்த போர்வை பூசணம் பிடித்து, அந்த மூட்டையில் இருந்த நல்ல துணிகளையும் நாற வைத்திருந்தது. எட்டுப் பேர் மூன்று நாள் சாயங்காலம் உட்கார்ந்து பிரித்தோம். தேறியது கால்வாசி இருக்கும்.

மூன்றாம் நாள் எங்கள் பொருளாளர் அம்மா, கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்துவிட்டு, "ஏன் தம்பி, அங்கே யாரிடமாவது என்ன வேண்டும் என்று கேட்டோமா?" என்றார். யாரும் பேசவில்லை. கேட்கவில்லை என்பதுதான் பதில்.

எப்படியோ ஒருவர் மூலம் ஒருவரைப் பிடித்து, அந்த ஊர் சபைப் போதகரின் எண் கிடைத்தது. மனிதர் மிகவும் தயங்கித்தான் பேசினார். துணி வேண்டாம், ஏற்கெனவே வந்தது பள்ளி மைதானத்தில் மழையில் கிடக்கிறது, அதை அப்புறப்படுத்த ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றார். சரி, என்னதான் வேண்டும்? வீடுகளில் புகுந்த சேற்றை வாருவதற்கு உள்ளூர் ஆட்களுக்குக் கூலி. வேலை போன ஆட்கள், கூலி கிடைத்தால் அவர்களுக்கும் பிழைப்பு. அப்புறம், படிக்கிற கண்ணாடி. எனக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று திரும்பக் கேட்டேன். கண்ணாடிதான். ராத்திரியில் தண்ணீர் புகுந்தபோது வயதானவர்கள் கட்டிய துணியோடு வெளியேறியிருக்கிறார்கள். கண்ணாடி போய்விட்டது. இப்போது நிவாரண விண்ணப்பத்தை அவர்களால் படிக்க முடியவில்லை, மாத்திரை அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்றும் தெரியவில்லை.

எங்கள் மண்டபத்தில் இருந்த எட்டுப் பேரும் ஒரு வருடம் யோசித்திருந்தாலும் இது தோன்றியிருக்காது.

அதனால் என் கட்சி இதுதான்: பேரிடர் சமயத்தில் ஒரு சபையிடம் இருக்கிற பெரிய சொத்து மண்டபமோ மூட்டையோ இல்லை. அந்தப் பக்கமும் ஒரு சபை இருக்கிறது என்பதுதான். அங்கே எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிறார், எந்த அம்மா வெட்கப்பட்டு வரிசையில் நிற்க மாட்டார் என்று தெரிந்த ஆட்கள் வெள்ளத்துக்கு முன்பே அங்கே இருக்கிறார்கள், டிவி வண்டிகள் போன பிறகும் இருப்பார்கள். அவர்களிடம் கேட்காமல் நாம் எதை அனுப்பினாலும் அது நம் வீட்டு அலமாரியைக் காலி செய்ததாகத்தான் ஆகும்.

"பணமாகக் கொடுத்தால் மனசுக்கு நிறைவாக இல்லை" என்று பலர் சொல்வார்கள். புரிகிறது. காணிக்கைக் கவரில் போடுவதற்கும் பிள்ளையின் சட்டையை மடித்து வைப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டை கப்பல் ஏற வேண்டும், துறைமுகத்தில் இறங்க வேண்டும், சுங்கம் தாண்ட வேண்டும், லாரி பிடிக்க வேண்டும். அதே துறைமுகம், அதே லாரிதான் குடிநீருக்கும் மருந்துக்கும் தேவை. 2010 ஜனவரியில் ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது போர்ட்டோ பிரின்ஸ் துறைமுகமே உடைந்து கிடந்தது. விமான நிலையத்தில் ஒரே ஒரு ஓடுபாதை. இறங்க இடமில்லாமல் சில விமானங்களைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த நெருக்கடியில் நம் கோட்டு மூட்டை எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். மருந்துக் கதை இன்னும் மோசம். காலாவதியானதும், அந்த நாட்டவருக்குப் புரியாத மொழியில் சீட்டு ஒட்டியதும் குவிந்து குவிந்துதான், உலக சுகாதார நிறுவனம் 1996-இல் மருந்து நன்கொடைக்கென்று தனியாக வழிகாட்டி விதிகளே போட வேண்டி வந்தது. போய்ச் சேரும்போது குறைந்தது ஒரு வருடமாவது கெடு மிச்சம் இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. பாதி தீர்ந்த இருமல் மருந்தைப் பற்றி விதியில் என்ன இருக்கிறதோ, எங்கள் மண்டபத்தில் ஒருவருக்கும் தேடிப் பார்க்கும் துணிச்சல் வரவில்லை.

இது ஏதோ புதுக்காலத்து நிர்வாகப் பேச்சு என்று நினைக்கிறவர்களுக்கு வேதத்திலிருந்தே சொல்கிறேன். ரோமப் பேரரசர் கிலவுதியு ராயன் காலத்தில் பஞ்சம் வந்தது. சிரியாவின் அந்தியோகியா நகரச் சபையார் யூதேயாவில் இருந்த சகோதரருக்கு உதவி சேர்த்து, பர்னபா, பவுல் கையில் அங்கிருந்த மூப்பரிடம் கொடுத்தனுப்பினார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 11-ஆம் அதிகாரம். ஒரு சபை இன்னொரு நாட்டுச் சபைக்குப் பேரிடர் உதவி அனுப்பியதற்கு இதைவிடப் பழைய பதிவு எனக்குத் தெரிந்து இல்லை. கவனியுங்கள், பங்கிடும் பொறுப்பு அங்கிருந்த மூப்பரிடம் போனது. அந்தியோகியாவிலிருந்து ஒரு குழு போய்க் கூடாரம் போட்டு, பேனர் கட்டி, வரிசையில் நிற்க வைக்கவில்லை.

இதே காலத்துப் பஞ்சத்தைப் பற்றி யோசேப்பஸ் என்ற யூத வரலாற்றாசிரியரும் எழுதியிருக்கிறார். அதியாபெனே நாட்டு ராணி ஹெலெனா எருசலேம் வந்தபோது ஜனங்கள் பசியில் கிடப்பதைப் பார்த்து, அலெக்சாந்திரியாவுக்கு ஆள் அனுப்பி தானியமும், சைப்ரசிலிருந்து உலர்ந்த அத்திப்பழமும் வாங்கிவரச் செய்தார். எங்கே சரக்கு கிடைக்கும் என்று பார்த்து, பணத்தோடு ஆள் அனுப்பியிருக்கிறார். ராணி தன் நாட்டு அரண்மனைப் பழந்துணியை ஒட்டகத்தில் ஏற்றவில்லை.

பவுலிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது கணக்கு விஷயம். பிற்பாடு கிரேக்கப் பகுதியில் இருந்த மக்கெதோனியா, அகாயா சபைகளில் எருசலேமின் ஏழைகளுக்காக அவர் பெரிய காணிக்கை சேர்த்தார். வாரத்தின் முதல்நாள் தோறும் அவரவர் வரவுக்குத் தக்கபடி எடுத்து வையுங்கள், நான் வந்த பிறகு வசூல் வேண்டாம் என்கிறார். அவர் முகத்தைப் பார்த்து உணர்ச்சிவசப்பட்டுக் கொடுக்கக் கூடாது என்பதும் அதில் இருக்கும் என்று நான் வாசிக்கிறேன். அதைவிட முக்கியம், பணத்தைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போக அவர் சம்மதிக்கவில்லை. சபைகள் தேர்ந்தெடுத்த ஆட்கள் கூட வரட்டும், இவ்வளவு பெரிய தொகை விஷயத்தில் யாரும் குறை சொல்ல இடம் வைக்கக் கூடாது என்று கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்திலேயே இருக்கிறது. நடபடிகள் 20-இல் அவரோடு பயணம் போன ஏழு பேரின் பெயர் வருகிறதே, அவர்கள் இப்படிச் சபைகள் அனுப்பிய பிரதிநிதிகள்தான் என்று வேத அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். அப்போஸ்தலனாகிய பவுலே தன்னை நம்பு என்று சொல்லவில்லை, கூட ஆள் வரட்டும் என்கிறார். நம் செயற்குழுவில் ரசீது கேட்டால் மட்டும் "விசுவாசம் இல்லையா" என்று முகம் சுளிக்கிறார்கள். ரசீது கேட்கிற பொருளாளர் அம்மாவை எங்கள் சபையில் பாதிப் பேருக்குப் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும்.

பெரிதாகச் செய்யச் சபைகளுக்குத் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். நைஜீரிய உள்நாட்டுப் போரில், தனிநாடாகப் பிரிந்த பயாஃப்ரா பகுதி முற்றுகையில் சிக்கிப் பட்டினி கிடந்தபோது, கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் சபைகளின் அமைப்புகள் ஒன்றுசேர்ந்து 1968 முதல் 1970 வரை விமானத்தில் உணவும் மருந்தும் இறக்கின. சாவோ தோமே தீவிலிருந்து கிளம்பி, நெடுஞ்சாலையை ஓடுபாதையாக்கிய ஊலி என்ற இடத்தில், ராத்திரியில் மட்டும், விமானம் நெருங்கும்போது சில நொடிகள் எரிந்து அணையும் விளக்கை நம்பி இறங்கினார்கள். 5,000-க்கும் மேற்பட்ட பயணங்கள், ஏறத்தாழ 60,000 டன் சரக்கு. விமானிகள் செத்தார்கள். அந்த உதவியே போரை நீட்டித்துவிட்டதா என்று இன்றைக்கும் வாதம் நடக்கிறது. நல்ல எண்ணத்தோடு செய்தால் எல்லாம் நல்லதாகத்தான் முடியும் என்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வது.

"முதலில் நம் சபையாருக்கு, மிச்சம் இருந்தால் வெளியே" என்று எங்கள் கமிட்டியிலும் ஒருவர் ஆரம்பித்தார். நீண்ட நேரம் பேச வேண்டியிருக்கவில்லை. நான்காம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தை விட்டு விலகி அதை எதிர்த்த ரோமப் பேரரசர் ஜூலியன், தன் மதத்துக் குரு ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் புலம்புகிறார்: இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைப்பார்) அவர்கள் ஏழைகளையும் பார்த்து, நம் ஏழைகளையும் பார்க்கிறார்கள், நமக்கு வெட்கமாக இல்லையா என்று. எதிரியே அப்படிச் சான்று கொடுத்த இடத்தில் நின்றுகொண்டு நாம் சபை உறுப்பினர் அட்டை எண் பார்க்கலாமா? 1994-இல் செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் பேரிடர் உதவிக்கு நடத்தை நெறி வகுத்தபோது, தேவையை மட்டும் பார்த்துக் கொடுக்க வேண்டும், உதவியை வைத்து மதமோ அரசியலோ வளர்க்கக் கூடாது என்று எழுதினார்கள். அதை முன்னின்று கொண்டுவந்தவர்களில் கத்தோலிக்கத் தொண்டு அமைப்பான காரித்தாஸும், லுத்தரன் உலகக் கூட்டமைப்பும், உலகத் திருச்சபைகள் மன்றமும் உண்டு. ஆக, தண்ணீர் பாட்டிலோடு துண்டுப் பிரதி கொடுப்பது தப்பு என்று சொல்வது வெளியாட்கள் மட்டும் இல்லை.

போட்டோ விஷயம் எழுத ஆரம்பித்தால் கோபம் வரும், விட்டுவிடுகிறேன். பை வாங்குகிறவரின் முகம் தெரிய வேண்டாம், அவ்வளவுதான்.

உள்ளூரில் பேரிடர் என்றால் இந்த விஷயம் இன்னும் தெளிவாகத் தெரியும். எங்கள் பகுதியிலேயே வெள்ளம் வந்தபோது மண்டபத்தைத் திறந்துவிட்டோம், உண்மைதான். அது யாரும் செய்கிற வேலை. நிஜமாகக் கைகொடுத்தது வீடு சந்திப்புக்குப் போகிற பெண்களின் ஒரு நோட்டு. நாற்பது பக்க நோட்டு, அட்டை கிழிந்தது. எந்தத் தெருவில் யார் தனியாக இருக்கிறார், யாருக்கு ஊசி மருந்து குளிரில் வைக்க வேண்டும், யாருக்குக் காது கேட்காது, கதவைத் தட்டினால் பயனில்லை, பின்பக்க ஜன்னல் வழியாக விளக்கு காட்ட வேண்டும். வருடக்கணக்காக ஜெபம் பண்ணப் போய் எழுதி வைத்த குறிப்புகள். படகோடு வந்த மீட்புக் குழுவினர் அந்த நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் எந்தத் தெருவுக்கு முதலில் போவது என்று முடிவு செய்தார்கள்.

அப்புறம், தண்ணீர் வடிந்த பிறகு வருகிற மாதங்கள். அதற்கு ஆள் கிடைப்பதில்லை. அமெரிக்காவில் மெனோனைட் சபையார் 1950-இல் கான்சாஸில் தொடங்கிய பேரிடர் சேவை அமைப்பு இந்த வேலையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. பரபரப்பு அடங்கிய பிறகு தச்சரும் கொத்தனாரும் மின்வேலைக்காரரும் முறைவைத்துப் போய்த் தங்கி வீடு கட்டித் தருகிறார்கள். நம் சபையில் அப்படிக் கைத்தொழில் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்திருக்கிறோமா? பாடகர் குழுவில் எத்தனை பேர் என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்த வெளிநாட்டுச் சபைக்குப் பணம்தான் அனுப்பினோம். தேறிய துணியைக்கூட இங்கேயே கொடுத்துவிட்டோம். நான்கு மாதம் கழித்துக் கையால் எழுதிய கணக்கு வந்தது. சேறு வாரிய வீடுகள், கூலி வாங்கியவர்கள், கண்ணாடிகள். கடைசி வரியில் ஒரு சிறு தொகை மிச்சம் என்று போட்டு, இதை என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தார் அந்தப் போதகர். பொருளாளர் அம்மா அந்தத் தாளை இன்னும் கோப்பில் வைத்திருக்கிறார்.

எங்கள் பகுதியில் வெள்ளம் வந்தது அதற்கு அடுத்த வருடம். மூன்றாம் நாள், கணுக்கால் சேற்றில் மண்டப வாசலில் நின்றுகொண்டிருக்கிறேன், போன் அடித்தது. அதே போதகர். நலம் விசாரித்தார். சபையில் கொஞ்சம் சேர்த்திருக்கிறோம், தொகை சிறியது, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. மூன்று நாளாக அங்கேயேதான் நிற்கிறேன், எனக்கும் தெரியவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிடுங்கள் ஐயா, உள்ளே கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன்.