"ஸ்பீக்" தமிழின் "பேச்சு" அல்ல

"பேச்சுக்கு முன்னால் ஸ் சேர்த்தால் ஸ்பீச், அதிலிருந்து ஸ்பீக் என்ற வினை வந்தது" என்று பரவும் செய்தி தவறானது.

பழைய ஆங்கிலத்தில் அந்த வினை "ஸ்ப்ரெகன்". நடுவே ஒரு ரகரம் இருந்தது. ஏறத்தாழ 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஆங்கிலம் அதை உதிர்த்துவிட்டது. உறவு மொழியான டச்சில் இன்றும் "ஸ்ப்ரேக்கன்"தான், ஜெர்மனிலும் ரகரம் நிற்கிறது. பேச்சிலிருந்து வந்ததென்றால் இந்த ரகரம் எங்கிருந்து நுழைந்தது?

"ச்" ஒலி பொருந்துகிறதே என்பார்கள். அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஸ்பீச்சின் இறுதியில் முதலில் இருந்தது ககரம். பழைய ஆங்கிலத்தில் அது சகரமாகத் திரிந்தது. ஸ்பீக்கில் ககரம் அப்படியே தங்கியது. தமிழிலோ வினை "பேசு"; வீசு–வீச்சு, ஏசு–ஏச்சு போல அது இரட்டித்துப் பேச்சு ஆகிறது. இரண்டு சகரங்களும் தனித்தனியாகப் பிறந்தவை.

காலமும் ஒத்துவரவில்லை. கிழக்கிந்திய கம்பெனி தொடங்கியதே 1600இல்; ஸ்பீக் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஆங்கிலத்தில் இருந்தது. கடல் வணிகக் காலத்தில் ஆங்கிலம் தமிழிடம் உண்மையாகவே வாங்கிய சொல் வேண்டுமென்றால், கட்டுமரத்திலிருந்து வந்த "கேட்டமரன்" இருக்கிறது.