ஆடம்ஸின் கணக்கை ஏய்ரி ஒதுக்கித் தள்ளினாரா?

யுரேனஸ் கோள் கணித்த பாதையிலிருந்து விலகுவதை வைத்து, அதுவரை கண்டறியப்படாத நெப்டியூன் இருக்குமிடத்தைக் கணக்கிட்டுச் சொன்ன ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஆடம்ஸை, கிரீனிச் வானியலாளர் ஏய்ரி பதில்கூடப் போடாமல் ஒதுக்கிவிட்டார் என்று ஒரு பதிவு சுற்றுகிறது. இது தவறு, ஏய்ரிக்குச் செய்யும் அநியாயமும்கூட.

1845 அக்டோபரில் ஆடம்ஸ் நேரில் போனபோது ஏய்ரியைப் பார்க்க முடியவில்லை, அதனால் முடிவுகளைத் தாளில் எழுதி வைத்துவிட்டு வந்தார். நவம்பர் 5-ஆம் தேதியே ஏய்ரி பதில் எழுதிவிட்டார். யுரேனஸுக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தில் தெரியும் பிழையையும் இந்தக் கணக்கு சரிசெய்கிறதா என்று நேராகக் கேட்டார். அதற்கு ஆடம்ஸ் பதில் அனுப்பவே இல்லை, ஒரு வரைவைத் தொடங்கி அப்படியே விட்டுவிட்டார்.

அடுத்த ஜூனில் ஏய்ரியின் அதே கேள்வி, இதே கணக்கைத் தனியாகப் போட்டுக்கொண்டிருந்த பிரான்சின் லெ வெரியேவுக்குப் போனது. அவர் உடனே விளக்கம் எழுதினார். அப்புறம் அவர் பெர்லின் வானாய்வகத்துக்கு எழுதிய கடிதம் செப்டம்பர் 23 அன்று கைக்கு வந்தது, அன்றிரவே அங்கிருந்த வானியலாளர் காலே அந்தக் கோளைக் கண்டுபிடித்துவிட்டார்.