ஷேன் லார்க்கினை விட்டுவிட்டீர்களே
அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் நிலைக்க முடியாத குள்ளமான கார்டுகளுக்கு (பந்தை நடத்திச் செல்லும் ஆட்டக்காரர்களுக்கு) ஐரோப்பா கடைசிப் புகலிடம் என்கிறது உங்கள் கட்டுரை. லார்க்கினைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். உயரம் 5 அடி 11 அங்குலம்தான். என்பிஏவில் நான்கு அணிகளில் ஆடியும் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர்தான். 2018இல் இஸ்தான்புல்லின் அனடோலு எஃபெஸ் அணிக்குப் போனார். அடுத்த ஆண்டு நவம்பரில் பேயர்ன் மியூனிக்குக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 49 புள்ளிகள்! ஐரோப்பிய அணிகளின் முதன்மைப் போட்டியான யூரோலீக்கில் 2000க்குப் பிறகு அதுவரை யாரும் எடுக்காத எண்ணிக்கை. ஐரோப்பாவில் தடுப்பாளர்கள் கூடைக்கு அடியிலேயே நிற்கலாம், என்பிஏவில் உள்ள மூன்று விநாடிக் கட்டுப்பாடு அவர்களுக்குக் கிடையாது. உள்ளே நுழைவது கடினம். அதனால்தான் உயரமான சகவீரரின் மறைப்பில் சட்டென்று நின்று தூரத்திலிருந்து எறிவார். அன்று மட்டும் தூரத்திலிருந்து பத்து முறை மூன்று புள்ளி எறிகள். அப்புறம் 2021, 2022 இரண்டு ஆண்டும் யூரோலீக் கோப்பை எஃபெஸுக்குத்தான்.