ஆபீஸ் நெட்டில் யார் என்ன பார்க்கிறார்கள் என்று கேட்கும் மேனேஜர்களுக்கு

பல வருடங்களாக கம்பெனிகளின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. ஃபயர்வால் (நெட்வொர்க்குக்குள் வருவதையும் போவதையும் சோதிக்கும் காவல் அமைப்பு) அமைப்பது, சைட்டுகளை பிளாக் செய்வது, யார் எப்போது எந்த சைட்டுக்குப் போனார்கள் என்ற பதிவான லாக்கை எடுத்து வைப்பது எல்லாம் இதில் அடக்கம். பிளாக் செய்வதில் எனக்கு மன உறுத்தல் எதுவும் கிடையாது. சூதாட்ட சைட்டும் திருட்டுப் பட டவுன்லோடும் ஆபீஸ் இணைப்பில் எதற்கு? 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் வந்தபோது, ஒரு கணினியில் நுழைந்தது அதே நெட்வொர்க்கில் இருந்த மற்ற கணினிகளுக்கும் தானாகவே பரவியது. பிரிட்டனில் ஆஸ்பத்திரிகள் அறுவை சிகிச்சைகளையே தள்ளிவைத்தன. லாக் வைப்பதும் கட்டாயம்தான். 180 நாட்களுக்கு லாக் பத்திரமாக இருக்க வேண்டும், தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவே போட்டிருக்கிறது.

இதுவரை சரி. இதற்கு அடுத்து நடப்பதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேனேஜர் ஒருவர் வந்து நிற்பார். குரலைக் கொஞ்சம் தணித்து, "அந்தப் பொண்ணு நாள் பூரா நெட்ல என்ன பண்ணுதுன்னு ஒரு ரிப்போர்ட் எடுத்துக் கொடுங்க" என்பார். வைரஸ் எதுவும் வந்திருக்காது, ஃபைல் எதுவும் வெளியே போயிருக்காது. அந்தப் பெண் சம்பள உயர்வு கேட்டிருப்பார், அல்லது மகப்பேறு விடுப்பு பற்றி விசாரித்திருப்பார். என்னிடம் இப்படிக் கேட்டவர்களில் பெரும்பாலோர் கேட்டது பெண் ஊழியர்களைப் பற்றித்தான். எச்.ஆர். மூலமாக, காரணத்தோடு மெயில் அனுப்பச் சொல்வேன். அநேகமாக அந்த மெயில் வராது.

அந்த லாக்கில் என்ன இருக்கும் என்று பலருக்குத் தெரிவதில்லை. இன்று ஏறக்குறைய எல்லா சைட்டும் குறியாக்கம் செய்யப்பட்டே, அதாவது நடுவில் இருப்பவர் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டே வருவதால், சாதாரண அமைப்பில் ஃபயர்வாலுக்கு சைட்டின் பெயர் தெரியும், உள்ளே படித்த பக்கம் தெரியாது. ஆனால் பெயரே போதுமே. ஒரு கருத்தரிப்பு மையம், ஒரு புற்றுநோய் மருத்துவமனை, வேலை தேடும் நௌக்ரி, விவாகரத்து வழக்கறிஞர் ஒருவரின் சைட். வீட்டில்கூட இன்னும் சொல்லாத விஷயம், லாக்கில் ஒரு வரியாக நேரத்தோடு பதிவாகியிருக்கும்.

சில இடங்களில் இதையும் தாண்டிப் போகிறார்கள். ஆபீஸ் லேப்டாப்பில் கம்பெனியின் சான்றிதழ் (சைட் நம்பகமானது என்று பிரவுசருக்குக் காட்டும் டிஜிட்டல் அடையாளம்) ஒன்றைப் போட்டுவிட்டால், குறியாக்கத்தை ஃபயர்வால் நடுவில் பிரித்து, உள்ளே பார்த்துவிட்டு, மறுபடி மூடி அனுப்பும். தபால்காரர் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு ஒட்டிக் கொடுப்பது மாதிரி. பிரவுசரும் எந்த எச்சரிக்கையும் காட்டாது. வைரஸைப் பிடிக்க இது உதவுகிறது என்பது உண்மை. வங்கி, மருத்துவம் போன்ற வகைகளுக்கு விலக்கு கொடுப்பதுதான் முறை, ஆனால் கொடுத்திருக்கிறார்களா என்பது அமைத்தவரைப் பொறுத்தது. உங்கள் ஆபீஸ் லேப்டாப்பில் சோதிக்க விரும்பினால், ஜிமெயிலைத் திறந்து, முகவரிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத்தை அழுத்தி, சான்றிதழைக் கொடுத்தது யார் என்று பாருங்கள். உங்கள் கம்பெனியின் பெயரோ ஃபயர்வால் தயாரிப்பாளரின் பெயரோ இருந்தால், நடுவில் பிரிக்கிறார்கள்.

இன்னொன்று, இந்த ரிப்போர்ட்டை நம்பி ஒருவரை எடைபோடவே முடியாது. ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்தால் அதில் ஒட்டியிருக்கும் விளம்பரங்களும் ஃபேஸ்புக் பட்டனும் தனித்தனி வரிகளாகப் பதிவாகும். காலையில் திறந்து மறந்துபோன ஒரு டேப் தன்பாட்டில் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். பிரிண்ட் எடுத்துப் பார்த்தால் அந்த ஆள் நாள் முழுக்க அதிலேயே உட்கார்ந்திருந்தது போலத் தெரியும். பிரான்ஸில் ஒரு ரியல் எஸ்டேட் கம்பெனி, கீபோர்டையும் மவுஸையும் தொடாத நேரத்தை வேலை செய்யாத நேரமாகக் கணக்கிட்டு, திரையையும் அவ்வப்போது படம் எடுத்துவந்தது. அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 டிசம்பரில் 40,000 யூரோ அபராதம் போட்டது. போனில் வாடிக்கையாளரோடு பேசுவதும், மீட்டிங்கில் இருப்பதும் வேலைதானே?

ருமேனியாவின் பர்புலெஸ்கு வழக்கு ஒவ்வொரு எச்.ஆருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்வதற்காக, பர்புலெஸ்கு என்ற ஊழியர் கம்பெனி சொல்லித் தொடங்கிய யாஹூ மெசஞ்சர் கணக்கை, 2007 ஜூலையில் கம்பெனியே கண்காணித்தது. சொந்த வேலைக்குப் பயன்படுத்தவில்லை என்று அவர் சொன்னதும், 45 பக்கப் பிரதியை எடுத்துக் காட்டினார்கள். சகோதரரோடும், கல்யாணம் செய்துகொள்ள இருந்த பெண்ணோடும் பேசிய அந்தரங்கப் பேச்சுகள்கூட அதில் இருந்தன. வேலை போனது. சொந்த உபயோகம் கூடாது என்ற விதி அவருக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் 2017 செப்டம்பர் 5 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரிய அமர்வு, 11க்கு 6 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. கண்காணிக்கவே கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. எந்த அளவுக்குக் கண்காணிப்போம், பேச்சின் உள்ளடக்கத்தையே படிப்போம் என்றெல்லாம் முன்கூட்டியே சொல்லவில்லை, அதற்கு என்ன அவசியம் என்றும் ருமேனிய நீதிமன்றங்கள் சரியாக எடைபோடவில்லை என்பதுதான் சிக்கல்.

அதற்குச் சில நாட்கள் முன்பு, ஆகஸ்ட் 24 அன்று, நம் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒரே குரலில் சொன்னார்கள். ஆனால் 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், வேலை தொடர்பான தேவைக்கும், முதலாளியை இழப்பிலிருந்து காப்பதற்கும் ஊழியரின் தரவை அவர் சம்மதம் இல்லாமலே கையாளலாம் என்று 7ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. அதனால் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று ஊழியர்கள் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. வேலையில் சேரும்போது கையெழுத்து வாங்கும் ஆங்கிலக் காகிதக் கட்டுக்குள் ஒரு வரியாகப் புதைக்காமல், ஒரே ஒரு பக்கத்தில், தமிழில் எழுதிக் கொடுங்கள். எதை பிளாக் செய்திருக்கிறோம், எது பதிவாகிறது, எத்தனை நாள் இருக்கும், யார் திறந்து பார்க்கலாம், எந்தக் காரணத்துக்காக. தனிநபர் லாக் வேண்டும் என்றால் இரண்டு பேர் கையெழுத்து, காரணம் எழுத்தில். சொந்த போனுக்குத் தனி வைஃபை. அப்புறம், லாக்கைத் திறந்து பார்த்தது யார் என்பதற்கும் ஃபயர்வாலில் பதிவு உண்டு. நிர்வாகம் அதை வருடத்துக்கு ஒருமுறையாவது எடுத்துப் பார்க்கட்டும். என் பெயரில் இருக்கும் பதிவுகளையும் சேர்த்து.